ஆடை அமைக்கும் கல்வி

மாணவர்களே! தேங்காய் ஒன்றை எடுத்து அதன்மேல் ஒரு தாளைச் சுற்றிப் பாருங்கள். தாள் எவ்வளவு மெல்லியதாயினும் தேங்காயின்மேல் சீராகப் படிவதில்லை. நடுவிடத்தில் அது ஒட்டி நிற்கும். இரு முனைகளிலும் மடிந்தும் சுருங்கியும் எழும். அச்சுருக்கங்களைக் கத்தரித்து நீக்கி, வெட்டிய விளிம்புகளை ஒன்றோடொன்று ஒட்டினால், தாள் தேங்காயின் வடிவத்தைத் தானும் பெற்றுவிடும். தறியிலிருந்து வரும் துணி அத்தாளைப் போலத் தட்டையானது. அதனை அணியும் உடம்போ முற்றிலும் தட்டையான இடம் ஒன்றேனும் இல்லாதது. இவ்விரண்டையும் பொருத்துவதே ஆடை தைப்போர் தொழில்.

வேட்டியும் சேலையும் உடுப்போர்க்கு இத்தொல்லை மிகுதியாக இல்லை. அவை தறியிலிருந்து வந்தவாறே உடம்பைச் சுற்றுவன. கொசுவமும் மடிப்பும் உடுத்துவோர் கையாலேயே நாள்தோறும் புதிதாக அமைகின்றன. எனினும் தைத்த ஆடையைப் பழந்தமிழர் அறியாதவர் அல்லர். முல்லைப்பாட்டில் யவனர் அணிந்த சட்டை ‘மெய்ப்பை’ எனப்படுகின்றது. மெய்யை இட்டுவைக்கும் பை என்பது அதன் பொருள். சட்டைக்கு இதனினும் பொருத்தமான பெயர் ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. சிலப்பதிகாரமும் புகார் நகரத்துத் தொழிலாளரைக் கூறுமிடத்துத் துன்னகாரர் எனப்பட்ட தையற்காரரை விடாது கூறுகின்றது. துணி என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. துணித்தலாவது வெட்டுதல், துணிக்கப்பட்டது துணி. துணிதல் என்பதற்கு ஐயம் நீங்கி முடிவு செய்தல் என்றும் பொருள் உண்டு. கத்தரிக்கோலைக் கையில் எடுப்பவர்க்கு இவ்விரு பொருளும் ஒருங்கே வேண்டும் என்பதை நான் அறுபது வயது கடந்த பின்னரே அறிந்தேன்.

அறிந்த வகையைக் கூறுகின்றேன். என் பெயர்த்தி பள்ளிப்படிப்பு முடிந்ததும், மகளிர்க்குரிய தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் தையல் தொழில்நுட்பப் பிரிவிற் சேர்ந்தாள். வீட்டிற் சிலர்க்கு அது உவப்பாக இல்லை. எனக்கும் உள்ளூர ஒரு தயக்கம் இருந்தது, அதனை மறைப்பானேன்? நான் இளம் ஆசிரியனாய் இருந்தபொழுது, செய்யுள் ஒப்பிக்க இயலாத மாணவன் ஒருவனை நோக்கி, “உனக்குப் படிப்பு வராது, தையற்கடைக்குப் போ” என்று வகுப்பில் வைதேன். மற்ற மாணவர் சிரித்தனர். அவன் அவ்வாண்டோடு பள்ளியை விட்டு நின்றுவிட்டான். தையல் என்பது படிப்பு வாராதவர் செய்வது என்பது அன்று என் எண்ணம். பெயர்த்தி தன் பாடக் குறிப்பேட்டைக் கொணர்ந்து, “தாத்தா, இவற்றுக்கெல்லாம் தமிழ்ச் சொல் சொல்லுங்கள்” என்று கேட்டபோது, அதனைத் திருப்பிப் பார்த்தேன். கோடும் கணக்கும் வளைவும் நிறைந்த ஏடுகள்! அவற்றுட் பாதி எனக்கு விளங்கவில்லை.

முதல் ஏட்டில் நூலோட்டத்தைப் பற்றிய பாடம் இருந்தது. தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்படுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. நெய்யும்போது பாவு விறைப்பாக நிற்பதால் துணி நீளவாட்டில் எளிதில் நெகிழாது. குறுக்குவாட்டில் சற்று நெகிழும். இரண்டிற்கும் இடையே சாய்வாக இழுத்தாலோ நன்றாக நெகிழும். உங்கள் கைக்குட்டையின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இஃது உடனே விளங்கும். சட்டையின் முன்பாகத்தைப் பாவின் போக்கில் வெட்டினால் அது நேராகத் தொங்கும். சிறிது கோணினாலும் சில சலவைகளுக்குப் பின் ஒருபுறமாக முறுக்கிக்கொள்ளும். இச்சாய்வையே வேண்டுமென்று பயன்படுத்துவதும் உண்டு. நம் தையற்கடைகளில் ‘கிராஸ் கட்’ ரவிக்கை என்பார்களே, அதன் முன்பாகம் சாய்வாக வெட்டப்படுவதால்தான் உடம்பின் வளைவோடு இணங்கி நிற்கின்றது. அதனிலும் ‘டாட்’ பிடித்தல் உண்டு. ஓரிடத்துத் துணியை ஆப்பு வடிவில் மடித்துத் தைத்து அடக்குதல் என்பது அதன் பொருள். தேங்காய்த் தாளில் நாம் கத்தரித்து நீக்கிய சுருக்கம் இதுவே.

அடுத்து வருவது அளவு. அளவு நாடா எல்லார் கையிலும் இருக்கலாம். ஆனால் மார்பளவு 36 அங்குலம் உடையவர்க்கு 36 அங்குலச் சட்டையே தைத்தால், அவர் அதனை மாட்டிக்கொண்டு மூச்சிழுக்க முடியாது. கையைத் தூக்கவும் முடியாது. அவர் சட்டை ஏறக்குறைய 40 அங்குலம் இருத்தல் வேண்டும். இம்மிகுதிக்குத் தளர்வு என்று நான் பெயர் எழுதிக் கொடுத்தேன். ரவிக்கைக்கு இத்தளர்வு மிகச் சிறிது. பின்னலாடையாகிய பனியனுக்கோ தளர்வே வேண்டாத நேரமும் உண்டு. ஏனெனில் அதன் நூல் குறுக்கும் நெடுக்குமாய் ஓடாமல் கண்ணி கண்ணியாய்க் கோக்கப்பட்டிருப்பதால், துணியே உடம்புக்கு ஏற்ப விரிந்து கொடுக்கும்.

இவ்வளவுகளைக் கொண்டு தடித்த தாளில் உருப்படம் வரைகின்றார்கள். கைப்பகுதியை வரைவதே இவற்றுள் கடினம் என்று பெயர்த்தி சொன்னாள். நம் கைகள் பெரும்பாலும் முன்னோக்கியே இயங்குவன. ஆதலால் அக்குளின் வளைவு முன்புறம் ஆழமாகவும் பின்புறம் ஆழங்குறைந்தும் இருத்தல் வேண்டும். அதனோடு இணையும் கையின் மேல்வளைவும் அவ்வாறே இருபுறமும் வேறுபடும். இதனை அறியாது இருபுறமும் ஒன்றாக வரைந்தால், ஆடை தைத்து முடிந்த பின்னரும் முதுகிலே இழுக்கும். எங்கே பிழை என்று கண்டுபிடிப்பதும் அரிது. அதனால் பயிற்சியாளர் முதலில் விலைகுறைந்த காடாத் துணியில் தைத்து, உருவப் பொம்மைக்கு மாட்டி, சுருக்கம் விழும் இடங்களைக் குறித்து உருப்படத்தைத் திருத்துகின்றனர். நல்ல துணியைத் தொடுவது அதன் பின்னரே.

வெட்டுதலில் பெயர்த்திக்கு நேர்ந்த ஓர் இடர் சொல்லத்தக்கது. பூ அச்சிட்ட துணி ஒன்றை அவள் தாய் வாங்கிக் கொடுத்திருந்தாள். துணியை இரண்டாக மடித்து வைத்து வெட்டினால் இடக்கையும் வலக்கையும் தாமே எதிரெதிராக அமைந்துவிடும். துணி சற்றுக் குறைவாக இருந்ததால், அவள் மடிக்காமல் ஒற்றையாக விரித்து, ஒரே உருப்படத்தைத் திருப்பிப் போடாமல் இருமுறை வைத்து வெட்டிவிட்டாள். இரண்டும் வலக்கை! இருபுறமும் ஒன்றாயிருக்கும் வெறுந்துணியானால் ஒன்றைப் புரட்டிப் போட்டுத் தப்பலாம். அச்சுத் துணிக்கு அவ்வழி இல்லை. தைத்ததைப் பிரித்து மீண்டும் தைக்கலாம். வெட்டியதை என் செய்வது? அன்று இரவு அவள் உண்ணவில்லை. மறுநாள் பயிற்றுநர் அவளை வையவில்லை. எஞ்சிய துணித் துண்டுகளை அவளே அடுக்கிப் பார்க்கும்படி சொன்னாராம். இரண்டு துண்டுகளை இணைத்தால் ஓர் இடக்கைக்குப் போதும் என்று அவள் கண்டாள். இணைப்பு அக்குளுக்குக் கீழே, ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில் அமைந்தது. வீணான கை குழந்தைச் சட்டை ஒன்றுக்கு முன்பாகமாயிற்று. மாணவனை வைதுவிட்டு அப்பால் நகர்ந்த ஆசிரியன் ஒருவனை அப்பொழுது நான் நினைத்துக்கொண்டேன்.

தையற்பொறியின் வரலாறும் அவர்கள் பாடத்தில் வருகின்றது. பிரெஞ்சு நாட்டுத் தையற்காரராகிய திமோனியே என்பவர் 1830ஆம் ஆண்டில் ஒரு பொறிக்கு உரிமம் பெற்றார். படைவீரர் சீருடைகளைத் தைப்பதற்குப் பாரிசில் அத்தகைய பொறிகளை அமைத்தபோது, தம் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர் கூட்டமாகப் புகுந்து அவற்றை உடைத்தனர். அவர் பொறி ஒற்றை நூலால் சங்கிலித் தையல் இட்டது. அரிசி மூட்டையின் வாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுதும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும் அன்றோ? சங்கிலித் தையலின் இயல்பு அது. அமெரிக்கரான எலியாஸ் ஓவ் 1846ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற பொறியில் இருநூல் தையல் அமைந்தது. ஊசியின் காது அதன் கூர்முனைக்கு அருகே இருக்கும். அது மேல்நூலைத் துணிக்குக் கீழே கொண்டுசெல்ல, அடியிலிருக்கும் நூல் அதனோடு பின்னிக்கொள்ளும். இரு நூல்களின் விறைப்பும் ஒத்திருந்தால் முடிச்சு துணியின் நடுவே மறைந்து நிற்கும். ஒன்று மிகுந்தால் மற்றது மேலெழுந்து தெரியும். உங்கள் வீட்டுத் தையற்பொறியின் பாபின் நூலும் இதனையே செய்கின்றது.

ஒரு சட்டைக்குச் சொன்ன இவையனைத்தும் ஆலையில் நூறாகப் பெருகும். திருப்பூரின் பின்னலாடை ஆலைகளில் துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படலங்கள் விரித்து, அவற்றை ஒருங்கே பொறியால் வெட்டுகின்றார்கள். 100 படலங்களில் ஒரு பிழை நேர்ந்தால் 100 ஆடைகள் பழுதாகும். பின்னல் துணியைச் சுருளிலிருந்து எடுத்தவுடன் இழுத்து விரித்து வெட்டினால், வெட்டிய பின் அது தன் இயல்பான அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே அதனைப் பல மணிநேரம் தளர்வாக விரித்து ஆறவிடுகின்றனர். ஓர் அளவுக்கு வரைந்த உருப்படத்தைப் பிற அளவுகளுக்கு மாற்றுவதும் ஒரு தனிக்கணக்கு. மார்பு 4 அங்குலம் கூடினால், கால்பங்காக வரையும் படத்தில் 1 அங்குலம் கூட்டவேண்டும். ஆனால் கழுத்தும் தோளும் அவ்வீதத்திற் பெருப்பதில்லை. படத்தை முழுதும் ஒரே வீதத்தில் பெரிதாக்குபவர் பருத்தவர்க்கென்று தைத்த சட்டை, தோளிலிருந்து வழுவி விழும். இப்பொழுது கணினி இவ்வேலையைச் செய்கின்றது. எங்கே எவ்வளவு கூட்டவேண்டும் என்பதை அதற்குச் சொல்பவர் மனிதரே.

ஆலையில் ஒருவர் தோளை மட்டும் இணைப்பார். மற்றொருவர் கையை மட்டும் பொருத்துவார். இன்னொருவர் அடிமடிப்பை மட்டும் தைப்பார். பல ஆண்டுகள் ஆலையில் இருந்தும் ஒரு முழுச்சட்டையைத் தாமே வெட்டித் தைக்க அறியாதோர் உளர். வேலை உள்ளவரை அவர்க்குக் கூலி உண்டு. வேலை நின்ற நாளில் அவர் கையில் இருப்பது ஒரு சட்டையின் ஒரு தையல் மட்டுமே. முறையாகப் பயின்றவர் உருப்படம் வரைபவராகவோ, மாதிரி ஆடை தைப்பவராகவோ, தரம் பார்ப்பவராகவோ உயரலாம். வேண்டின் தம் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு பொறியை இட்டுத் தனித்தும் வாழலாம். நான் இக்கல்வியை மதிப்பதற்கு முதற்காரணம் இது.

ஆடை வடிவமைப்பு என்று தனியே ஒரு படிப்பு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதிலே ஓவியப் பயிற்சி மிகுதி. அவ்வோவியங்களில் மனித உருவத்தைத் தலையின் அளவைப்போல் 9 மடங்கு உயரமாக வரைவது வழக்கம். மெய்யான மனிதரோ தம் தலையைப்போல் ஏறக்குறைய ஏழரை மடங்கு உயரமே உடையவர். ஆதலால் தாளில் கொடிபோல் அசைந்த ஆடை உடம்பில் ஏறியதும் சாக்குப்போல் தொங்குதல் உண்டு. வெட்டவும் தைக்கவும் அறிந்து வரைபவர்க்கு இவ்வேமாற்றம் நேர்வது குறைவு. நல்ல கல்லூரிகளில் வடிவமைப்பு மாணவரையும் தையற்பொறியின்முன் உட்கார வைப்பது இதனாலேதான்.

இப்படிப்புக்கு வாயில்கள் பல. 1950ஆம் ஆண்டில் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் தொழிற்பயிற்சி நிலையங்களில் தையல் தொழில்நுட்பம், ஆடை தயாரித்தல், ஆடை வடிவமைப்பு ஆகியன ஓராண்டுப் படிப்புகள். பல்தொழில்நுட்பக் கல்லூரிகளில் 3 ஆண்டுப் பட்டயப்படிப்பு உண்டு. தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 1986ஆம் ஆண்டில் தில்லியில் தோன்றியது. அதன் சென்னை வளாகம் 1995ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. எதிற் சேர்வதாயினும் காஜா எடுப்பதும் எம்மிங் செய்வதும் கையாலேயே பழகவேண்டும். விரலில் ஊசி பலமுறை குத்தும்.

ஆண்டிறுதியில் பெயர்த்தி எனக்கு ஒரு சட்டை தைப்பதாகச் சொல்லி அளவெடுத்தாள். பல்லாண்டுகளாக என் சட்டைகளெல்லாம் வலப்புறமாகச் சரியும். தைத்தவர் மேல் குற்றம் சுமத்தி, தையற்கடைகளையே நான் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் நின்று, என் இரு தோள்களிலும் கைவைத்துப் பார்த்தாள். பிறகு நாடாவை வைத்து இருமுறை அளந்தாள். “தாத்தா, உங்கள் வலத்தோள் இடத்தோளைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது. எந்தத் தோளில் புத்தகப்பை மாட்டுவீர்கள்?” என்று கேட்டாள். நான் வலத்தோளைத் தொட்டுக் காட்டினேன். அவள் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, உருப்படத் தாளை எடுத்து, வலத்தோளுக்கு வேறொரு கோடு வரையத் தொடங்கினாள்.