அருகிலுள்ளதும் ஒட்டியதும்

இடத்தைச் சுட்டும் ஆங்கில அடைமொழிகளுள் நம்மை அடிக்கடி மயக்குவது 'அட்ஜேசன்ட்' என்னும் சொல். அகராதியைப் புரட்டி 'அடுத்துள்ள' என்று எழுதிவிடுகிறோம். அது தவறன்று, ஆனால் எவ்வளவு நெருக்கம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

'அருகே கிடத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது இச்சொல். எனவே அருகில் இருந்தாலே போதும். தொட்டு நிற்கவேண்டிய கட்டாயமில்லை. எல்லையோடு எல்லை பொருந்துவதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'அட்ஜாய்னிங்' என்ற தனிச்சொல் உண்டு. முன்னதை 'அருகிலுள்ள' என்றும் பின்னதை 'ஒட்டிய' என்றும் நாம் வழங்கலாம்.

பழவங்காடியையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கணபதி கோயிலுக்கும் கிழக்கேகோட்டை வாயிலுக்கும் இடையே நடந்து கடக்கும் சிறு தொலைவு உண்டு. ஆகவே கோயில் கோட்டைவாயிலுக்கு 'அட்ஜேசன்ட்'. ஒரே சுவரைப் பங்கிட்டு நிற்கும் இரு கடைகளோ 'அட்ஜாய்னிங்'.

இந்நகரில் பயிலும் நமக்கு மற்றொரு மயக்கமும் உண்டு. மலையாள நண்பர் 'வீடு அடுத்தாணு' என்றால், வீடு கிட்டத்தில் இருக்கிறது என்பதே பொருள். இரண்டு தெரு தள்ளியும் இருக்கலாம். தமிழில் 'அடுத்த வீடு' என்றாலோ பக்கத்து வீடுதான். ஆயினும் 'மதுரையை அடுத்த மேலூர்' என்று நாமே எழுதுகிறோம். இடையில் ஊர்கள் பல உள்ளன! ஆகவே 'அடுத்த' என்பதும் இருபொருள் தரும் சொல்லே.

வடிவகணிதத்தில் மட்டும் நிலை வேறு. அங்கே 'அட்ஜேசன்ட்' கோணங்களுக்குப் பொது உச்சியும் பொதுப் பக்கமும் இருந்தே தீரவேண்டும்.

சட்டத்தில் இவ்வேறுபாடு பணத்தையும் தொடும். நியூசிலாந்தில் ஒரு பாலத்தின் செலவில் 'அட்ஜேசன்ட்' நகராட்சிக்கும் பங்குண்டா என்ற வழக்கு 1904-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒட்டியிருக்கும் இடங்களை மட்டுமே இச்சொல் குறிப்பதில்லை. எவ்வளவு அருகில் இருக்கவேண்டும் என்பதைச் சூழ்நிலையே முடிவு செய்யும் என்று அம்மன்றம் கருதியது.

நாளை நம்முள் சிலர் நிலப்பத்திரங்களை மொழிபெயர்க்க நேரலாம். 'அருகிலுள்ள நிலம்' என்பதை 'ஒட்டிய நிலம்' என்று எழுதிவிட்டால், இடையிலுள்ள பாதையும் வாய்க்காலும் தாளில் மறைந்துபோகும். அவற்றால் பயன்பெறுவோர் பின்னர் வழக்காட வேண்டிவரும். ஆதலின் இச்சொல்லைக் காணும்போதெல்லாம், இடையே ஏதேனும் உண்டா என்று முதலில் கேளுங்கள்; பிறகு தமிழ்ச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.