தீவகத்து மின்திட்டமும் முன்னேற்ற அறிக்கையும்

ஒரு வேலை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறதென்று கேட்டால், நூற்றுக்கு 70 பங்கு முடிந்தது என விடை கூறுதல் எளிது. எதன் 70 பங்கு என்பதே கேள்வி. செலவான பணமா, வந்திறங்கிய பொருளா, பயன்பட்ட வேலையா? யாழ்ப்பாணத் தீவகத்தில் இவ்வேறுபாட்டைக் கடலே காட்டிவிடுகிறது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நாட்டின் பொது மின்வலையோடு இணையாதவை. கடல் கடந்து வரும் டீசலை எரித்தே அங்கு மின்சாரம் பெற்று வந்தனர். வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் ஆக்கும் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு, 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு அளிக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, அவ்வாண்டு டிசம்பரில் வேலை கைவிடப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனமொன்றுடன் வேலை ஒப்பந்தம். நன்கொடை 1 கோடியே 10 இலட்சம் டொலர். மூன்று தீவுகளுக்குமாக வெயிலால் 1,700 கிலோவாற்று, காற்றால் 530 கிலோவாற்று, மின்கலச் சேமிப்பு வேறு. டீசல் இயந்திரமும் துணைக்கு நிற்கும். கையொப்பங்களிலேயே மூன்றாண்டுகள் கழிந்தன. கையொப்பத்தையும் முன்னேற்றமென எழுதும் அறிக்கைகள் உண்டு!

கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய காற்றாலைத் தூண் கணக்கில் 'வந்துவிட்டது.' குறிகட்டுவான் துறையில் அது ஏற்றப்படாமல் கிடந்தால் நெடுந்தீவாருக்கு வரவில்லை. சோழகம் வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்துப் படகோட்டம் தடைப்படுவதுண்டு. காற்றாலையைச் சுழற்றும் காற்றே அதன் உறுப்புகளைச் சுமக்கும் படகையும் மறிக்கிறது. அம்மாதங்களை வேலை நாட்களாகக் குறித்த அட்டவணை எழுதும்போதே பிழைத்துவிடுகிறது.

சராசரி இன்னொரு மயக்கம். நெடுந்தீவு தனிப் பிரதேச செயலகம். நயினாதீவு வேலணையைச் சார்ந்தது. அனலைதீவு ஊர்காவற்றுறையைச் சார்ந்தது. இரண்டு தீவுகளில் வேலை முடிந்து ஒன்றில் தொடங்காவிடினும், கூட்டிப் பார்த்தால் மூன்றிலிரண்டு பங்கு என்றே வரும். ஆதலின் தீவுக்கொரு கணக்கு வேண்டும். இத்திகதிக்குள் எது முடிந்திருக்க வேண்டும், எது முடிந்தது, தடை யாது, அதை நீக்கும் அதிகாரம் யாருக்குண்டு என்பவை அதில் இருத்தல் வேண்டும். கடைசிக் கேள்வியே பெரும்பாலும் விடுபடுகிறது. தவணைப் பணம் அறிக்கையைப் பார்த்தே வழங்கப்படுமிடத்து, தாமதத்தை மறைக்கும் ஆசையும் எழும். உண்மை எழுதியவரைக் கண்டிக்கும் அலுவலகத்தில் அவ்வாசை பழக்கமாகிவிடும்.

பயனை அளக்கும் கணக்கோ டீசல் தாங்கியில் இருக்கிறது. மாதந்தோறும் எரிந்தது எத்தனை லீற்றர், இயந்திரம் ஓய்ந்தது எத்தனை மணி என்று, தகடுகள் பொருத்துமுன்னரே ஒவ்வொரு தீவிலும் குறித்து வைக்க வேண்டும். வேலை முடிந்தபின் பழைய கணக்கைத் தேடினால், ஒப்பிடுவதற்கு ஒன்றும் அகப்படாது.