வானைப் படம் பிடித்தவர்கள்

கார்த்திகை, மார்கழி மாதங்களில் முகில் விலகிய முன்னிரவொன்றில் அண்ணாந்து பார்ப்பவர்க்கு, பூரட்டாதி, உத்திரட்டாதி எனப் பஞ்சாங்கம் குறிக்கும் நான்கு விண்மீன்கள் பெரியதொரு சதுரமாக நிற்பது தெரியும். அச்சதுரத்துக்கு வடகிழக்கே சிறிது தொலைவில், விளக்கு வெளிச்சம் இல்லாத ஊர்களிலே, மங்கிய புகைத்திட்டு ஒன்றும் புலப்படும். பாரசீக வானியலாரான அல் சூபி 964ஆம் ஆண்டளவில் அதனைச் சிறு முகில் என்று எழுதிவைத்தார். அவருக்குப்பின் ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் வெறுங் கண்ணுக்கு அது சிறு முகிலாகவே இருக்கின்றது. தொலைகாட்டி வந்த பின்னரும் அம்முகில் பெரிதாயிற்றேயன்றித் தெளிவாகவில்லை.

அதனைத் தெளிவாக்கியவர் கட்டிட ஒப்பந்தகாரர் ஒருவர். ஐசாக் ரொபேட்ஸ் என்னும் பெயருடைய அவர் வேல்ஸ் நாட்டிலே பிறந்து, லிவர்பூல் நகரில் தொழில் செய்து பொருளீட்டியவர். தொழிலில் ஈட்டிய பொருளைக்கொண்டு 20 அங்குல ஆடியுடைய தொலைகாட்டி ஒன்றை அமைத்து, அதில் கண்ணாடித் தட்டுகளைப் பொருத்தி வானைப் படம் பிடிக்கலானார். 1888ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அந்த அந்திரோமீடா முகிலின்மேல் ஏறத்தாழ மூன்று மணி நேரம் தட்டைத் திறந்து வைத்தார். தட்டைக் கழுவியபோது முகில் மறைந்து, ஒரு மையத்தைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் ஒளிக்கரங்கள் தோன்றின. அதற்கு முன்னர் எந்த மனிதனும் கண்டிராத காட்சி அது.

மூன்று மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாதது தட்டுக்கு எவ்வாறு தெரிந்தது? கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. வினாடியில் ஒரு சிறு பகுதிக்குள் தான் பெற்ற ஒளியைக் கழித்துவிட்டுப் புதியதை ஏற்கின்றது. நடமாடும் உலகைக் காண்பதற்கு அதுவே ஏற்றது. இல்லையேல் ஓடும் மாடும் ஆடும் கிளையும் ஒன்றின்மேல் ஒன்றாய்க் குழம்பிவிடும். தட்டோ தன்மேல் விழுந்த ஒளியை இழப்பதில்லை. ஒழுகும் கூரையின் கீழே வைத்த சட்டி துளித்துளியாக நிரம்புவதுபோல, முதல் நிமிடத்தில் வந்த ஒளியோடு நூறாவது நிமிடத்தில் வந்த ஒளியும் அதிற் சேர்கின்றது.

ஆயின் சட்டி நகராதிருக்கவேண்டும். இங்கேதான் இக்கலையின் முழுத் தொல்லையும் கிடக்கின்றது. புவி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கே நகர்கின்றன. தொலைகாட்டி அவற்றைப் பின்தொடராவிடின் ஒவ்வொரு மீனும் ஒரு கோடாக இழுபட்டுவிடும். மணிப்பொறி கொண்டு தொலைகாட்டியைச் சுழற்றலாம். எனினும் எப்பொறியும் சிறிது பிழைக்கும். எனவே படம் பிடிப்பவர் துணைத் தொலைகாட்டி ஒன்றிலே கண்ணை வைத்து, குறித்த ஒரு விண்மீன் குறுக்கு இழைகளின் நடுவை விட்டு அகலாதபடி கையாலே திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். மூன்று மணி நேரப் படம் என்றால் மூன்று மணி நேரம் குளிரிலே அசையாத விழிப்பு.

ரொபேட்சுக்கு முன்னரே, 1883இல், இலண்டனை அடுத்த ஈலிங்கில் ஏ. ஏ. கொமன் என்னும் பொறியியலாளர் தம் வீட்டு வளவிலிருந்தே, திருவாதிரை மீனை உடைய ஓரயன் கூட்டத்தின் வான்முகிலைப் படமாக்கியிருந்தார். இவருக்கும் வானியல் பிழைப்பன்று. அக்காலத்துப் பெரிய வானாய்வு நிலையங்கள் பலவும் விண்மீன்களின் இடங்களை அளப்பதிலேயே காலத்தைச் செலவிட, இந்தப் புது வழியை முன்னின்று திறந்தவர்களுள் இத்தகைய ஆர்வலர் பலர் இருந்தனர். அவர்கள் எல்லாவற்றையும் சரியாக விளங்கிக்கொண்டனர் என்று சொல்வதற்கில்லை. தம் படத்தில் தெரிந்த சுருளைக் கண்ட ரொபேட்ஸ், ஞாயிற்றுக் குடும்பம் போன்றதொன்று உருவாகிக்கொண்டிருக்கின்றது என்றே கருதினார். 1923இல் மவுண்ட் வில்சன் நிலையத்தில் எட்வின் ஹபிள் எடுத்த தட்டுகளே அது நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள வேறோர் உடுமண்டலம் என்பதை நிலைநாட்டின. அதன் தூரம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள் என்று இன்று கணிக்கின்றனர். ரொபேட்சின் கருத்து வீழ்ந்தது. அவர் எடுத்த படம் வீழவில்லை.

இத்துறையிலே எட்வேட் எமேர்சன் பார்ணாட் என்பவரின் வரலாறு தனியே கூறத்தக்கது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1857இல், தந்தை இறந்தபின் பிறந்த பிள்ளை அவர். வறுமை காரணமாக ஒன்பது வயது நிரம்புமுன்னரே படப்பிடிப்பு நிலையம் ஒன்றில் வேலைக்கு அனுப்பப்பட்டார். படங்களைப் பெருப்பிக்கும் பெரிய கருவியொன்று அந்நிலையத்தின் கூரைமேல் இருந்தது. மின்னொளி இல்லாத காலமாகையால் அதற்குச் சூரியனே விளக்கு. சூரியன் நகர நகரக் கருவியும் அதனை நோக்கியே இருக்கும்படி சக்கரங்களை மெல்லத் திருப்பிக்கொண்டிருப்பது சிறுவன் பார்ணாட்டின் வேலை. முன்னர் அவ்வேலைக்கு வந்த பையன்கள் வெயிலில் உறங்கிப்போனார்களாம். பார்ணாட் உறங்கவில்லை. பகலிலே ஒரு விண்மீனைப் பின்தொடர்ந்து பழகிய அக்கைகளே பின்னாளில் இரவிலே ஆயிரம் விண்மீன்களைப் பின்தொடர்ந்தன.

பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே உடைய அவர், சம்பளத்தின் பெரும் பகுதியைக் கொடுத்து 5 அங்குலத் தொலைகாட்டி ஒன்றை வாங்கினார். வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்துப் பெயர் பெற்றார். 1888இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வு நிலையத்திற் சேர்ந்தார். அங்கே 36 அங்குலப் பெருந்தொலைகாட்டி இருந்தது. அவரோ பழைய 6 அங்குல வில்லை ஒன்றைக் கேட்டுப் பெற்றார். மனித முகங்களைப் படம் பிடிப்பதற்கென்று செய்யப்பட்டு, இரண்டாங் கையாக விலைக்கு வந்த வில்லை அது. பெருந்தொலைகாட்டி வானின் ஒரு புள்ளியையே காட்டும். முகப்பட வில்லை அகன்ற பரப்பைக் காட்டும் என்பதை அவர் தம் பழைய தொழிலால் அறிந்திருந்தார். 1889ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வில்லையினால் பால்வீதியின் முகிற்கூட்டங்களைப் படமாக்கினார். 1892இல் அவர் எடுத்த படத்தட்டு ஒன்றில் வால்வெள்ளியொன்று அகப்பட்டது. படத்தின் வாயிலாகக் கண்டறியப்பட்ட முதல் வால்வெள்ளி அதுவே.

அப்படங்களில் அவரை அலைக்கழித்தவை ஒளிப்பகுதிகள் அல்ல; அவற்றினிடையே கிடந்த கரிய இடங்கள். விண்மீன் இல்லாத ஓட்டைகளா, அல்லது விண்மீன்களை மறைக்கும் ஏதோ ஒரு பொருளா? பல ஆண்டுகள் அவர் முடிவு கூறத் தயங்கினார். 1919இல் அத்தகைய 182 இடங்களைப் பட்டியலாக்கியபோது, அவற்றுட் பல மறைக்கும் பொருளே என்ற கருத்துக்கு வந்திருந்தார். அவை குளிர்ந்த வாயுவும் தூசும் செறிந்த முகில்கள்; புதிய விண்மீன்கள் பிறக்கும் இடங்களும் அவையே. பார்ணாட் 1923இல் மறைந்தார். அவருடைய பால்வீதிப் படத்தொகுதி 1927இலேதான் வெளிவந்தது.

கண்ணாடித் தட்டு இன்று அரும்பொருட்சாலைக்குரியது. அதனிடத்தைச் சிலிக்கன் உணரிகள் பிடித்துக்கொண்டன; பின்தொடரும் வேலையைச் சிறு மோட்டாரும் கணினியும் செய்கின்றன. மூன்று மணி நேரம் ஒரே படமாக எடுக்காமல், சில நிமிடப் படங்கள் பலவற்றை எடுத்துக் கணினியிலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றனர். எனினும் ஒளியைச் சேர்த்தல் என்னும் அடிப்படை மாறவில்லை. 2022இல் பிரான்சிலிருந்து ஆர்வலர் ஒருவர், ஒட்சிசனின் ஒளியை மட்டும் விடும் வடிகட்டியோடு, 10 சென்றிமீற்றர் அளவேயான தொலைகாட்டியால், அதே அந்திரோமீடாவை நூறு மணி நேரத்துக்கு மேற்படப் படமாக்கினார். உடுமண்டலத்தின் அருகே, எவரும் அதுவரை கண்டிராத நீண்ட ஒளிவில் ஒன்று வெளிப்பட்டது. அது அந்திரோமீடாவுக்கு உரியதா, நம் பால்வீதியில் முன்னே கிடப்பதா என்று வானியலார் வாதிடலாயினர். ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்பட்ட இடத்திலேயே அது ஒளிந்திருந்தது என்பதுதான் வியப்பு.

இலங்கையில் தொடங்க விரும்புவோர்க்குத் தொலைகாட்டி முதற்றேவையன்று. சாதாரணக் கமராவும் உறுதியான முக்காலியும் போதும். அகன்ற கோண வில்லையைப் பூட்டி, துவாரத்தை இயன்றவரை திறந்து, கையால் ஒரு பிரகாசமான விண்மீனைக் குவியப்படுத்தி, 15 வினாடி அளவில் எடுத்தால் மீன்கள் புள்ளிகளாகவே விழும். நிலவில்லாத இரவாக இருத்தல் வேண்டும்.

பின்தொடரும் தாங்கி வாங்கியவர்க்கு இந்நாட்டிலே ஓர் இடர்ப்பாடு உண்டு. அதன் அச்சைத் துருவ மீனை நோக்கிச் சாய்க்கவேண்டும். துருவ மீனின் உயரம் ஊரின் அகலக்கோட்டுக்கு ஏறத்தாழச் சமம். யாழ்ப்பாணத்தில் பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவு, காலியில் ஆறு. அதனை ஒரு பனைவடலியே மறைத்துவிடும். பிற நாடுகளுக்கெனச் செய்த தாங்கிகளுட் சில அவ்வளவு தாழச் சாய்வதுமில்லை. வடக்கே கடலோ வயல்வெளியோ திறந்து கிடக்கும் இடம் தேடுவதே வழி.

அவ்விடரை ஈடுசெய்யும் பேறும் உண்டு. மூல நட்சத்திரத்தை அடுத்துள்ள பால்வீதியின் மையம் ரொபேட்சின் லிவர்பூலில் அடிவானுக்கு மேலே எட்டுப் பாகையளவே எழும்; யாழ்ப்பாணத்திலோ ஐம்பது பாகைக்கு மேலே ஏறுகின்றது. அது முன்னிரவில் உச்சமடையும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் தென்மேற்கிலே மழை பெய்யினும் வடக்கும் கிழக்கும் வறண்டிருக்கும். அம்மாதங்களிற் சோளகக் காற்று முக்காலியை அசைக்கும். அதன் நடுவிலே கல் நிரப்பிய பையொன்றைக் கட்டித் தொங்கவிட்டால் அசைவு பெரிதும் அடங்கும்.