மழையங்கிக்குள் ஒரு மழை

பாடநூல்களில் சிரபுஞ்சி என்று நாம் படித்த ஊர், மேகாலயத்தின் சோரா. அதனருகே நோங்ரியாட் கிராமத்திலுள்ள ஈரடுக்கு உயிர்வேர்ப் பாலத்தைக் காண விரும்புவோர் ஆயிரக்கணக்கான படிகளை இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். ஜூலை மாதத்தில் அப்படிகளில் ஏறியவர், பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய மழையங்கியைக் கழற்றினால், உள்ளே அணிந்த சட்டையைப் பிழிந்தெடுக்கலாம். அங்கியில் கிழிசல் ஏதும் இராது. அந்த ஈரத்தில் பெரும்பங்கு அவரது வியர்வையே.

நீரைத் தடுத்து ஆவியை வெளியேற்றும் துணிகளுள் புகழ்பெற்றது கோர்-டெக்ஸ். 1969ஆம் ஆண்டு அமெரிக்கரான பாப் கோர், டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து, நுண்துளைகள் நிறைந்த படலமாக்க வழி கண்டார். அத்துளைகளில் மழைத்துளி நுழையாது, நீராவி நுழையும். ஆயினும் ஆவி தானாக வெளியே ஓடிவிடுவதில்லை. உள்ளே ஆவி மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் அது நகரும். லடாக்கின் வறண்ட குளிரில் இவ்வேறுபாடு மிகுதி. அங்கி நன்கு உழைக்கும். சோராவின் மழைக்காலத்திலோ வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. ஆவி எங்கே செல்லும்?

மற்றொன்றும் உண்டு. அங்கியின் மேற்புறத்தில் நீர் ஒட்டாப் பூச்சு ஒன்று இருக்கும். அழுக்காலும் தோள்பையின் உராய்வாலும் அது தேய்ந்தால், மேல்துணி நீரை உறிஞ்சிக் கனத்து, ஆவியின் வழியை அடைத்துவிடும். 'ஒழுகுகிறது' என்று பலர் குறைகூறுவது பெரும்பாலும் இந்நிலையைத்தான். துணி மென்மையூட்டி சேர்க்காமல் துவைத்து, சீட்டில் அனுமதித்துள்ள அளவு மிதமான சூடு காட்டினால் பூச்சு ஓரளவு மீளும்.

சீட்டில் காணும் '20,000 மி.மீ.' என்பது மழையளவன்று. கசியாமல் துணி தாங்கும் நீர்த்தூணின் உயரம். மௌசின்ராமின் ஆண்டு மழையே சராசரியாக ஏறத்தாழ 11,870 மி.மீ. என்று இரண்டையும் ஒப்பிட்டு மகிழ்வது வீண். வியர்வையைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

காசி மக்கள் வயல்வேலையின்போது 'க்னுப்' என்னும் மூங்கிற்காப்பைத் தலையிலிருந்து முதுகுவரை கவிழ்த்துக்கொள்கின்றனர். உடலோடு ஒட்டாததால் அதனடியில் காற்று உலவும். கைகளும் கட்டின்றி இருக்கும். அங்கி வாங்குவோர் அக்குளில் திறக்கும் ஜிப் உள்ளதா என்று முதலில் பார்ப்பது நன்று. காற்றில்லா மழையில் குடையே போதும். மலையுச்சியில், நடை நின்றதும் நனைந்த உடல் விரைவில் குளிர்ந்து நடுங்கத் தொடங்கும். ஆகையால் உலர்ந்த சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உடன் எடுத்துச் செல்லுங்கள்.