மஞ்சள் சுடர் நீலமாச்சு!

2007-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தில் எங்க பாட்டிக்குக் கிடைத்த அடுப்பு, சேந்தமங்கலத்தில் எங்க வீட்டில் இன்னும் இருக்கு. "மஞ்சளா எரியுது, பாத்திரமெல்லாம் கரி. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார் அம்மா.

காற்று போதாவிட்டால்தான் சுடர் மஞ்சளாகும். ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியதும் பர்னரைக் கழற்றினோம். துளைகளில் பொங்கிய பாலும் எண்ணெய்ப் பிசுக்கும்! வெந்நீர், சோப்பு, பழைய பல் பிரஷ் போட்டுத் தேய்த்து, நன்கு காயவைத்து மாட்டினோம். சுடர் நீலமாச்சு!

கவனம்: வாயு வரும் ஜெட் துளையை ஊசியால் குத்தாதீங்க, பெரிதானால் வாயு அதிகமாகும். அது மெக்கானிக் வேலை. கசிவைச் சோப்பு நுரை தடவிப் பாருங்க. குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கூடவே கூடாது!

சமையல் வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறங்க. வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்க.