ஓடட்டும் அம்பாசடர் – 17: ரசமட்டம் கேட்கும் சீட் பெல்ட்

தரைத்தகட்டின் துருவை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்தாயிற்று. முன்சீட்டுக்கு, இழுத்தால் வந்து விட்டால் தானே சுருண்டுகொள்ளும் பெல்ட் மாட்டுவது என்றும் தீர்மானித்தாயிற்று. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். இந்த வாரம், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூணில் பெல்ட்டைத் தாங்கும் போல்ட்டை எங்கே வைப்பது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு சின்ன எஃகு உருண்டை குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் போல்ட்டுக்குப் போக மனம் வரவில்லை.

பெல்ட் சுருண்டு கிடக்கும் டப்பாவுக்கு ரிட்ராக்டர் என்று பெயர். சென்னை புதுப்பேட்டையில் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் பழைய ரிட்ராக்டர் ஒன்றை வாங்கினேன். வண்டியில் மாட்டுவதற்காக அல்ல, பிரித்துப் பார்ப்பதற்காக. ஒரு பக்கம் பெல்ட்டைச் சுருட்டும் சுருள்வில். அந்தப் பக்கத்து மூடியை யாரும் திறக்க வேண்டாம், வில் பாய்ந்து வெளியே வந்துவிடும். மறுபக்கத்து மூடியைக் கழற்றினால் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அதற்குள் பால்ரஸ் மாதிரி ஓர் எஃகு உருண்டை, கோலிக்குண்டைவிடச் சிறியது. உருண்டையின் தலைமேல் படிந்தாற்போல ஒரு நெம்புகோல், அதன் நுனியில் ஒரு நாக்கு. நாக்குக்கு மேலே பல்சக்கரம்.

டப்பாவை நேராக நிறுத்திப் பெல்ட்டை மெதுவாக இழுத்தேன். தாராளமாக வந்தது. இழுத்துக்கொண்டே டப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தேன். உருண்டை கிண்ணத்தின் சரிவில் ஏறியது, நெம்புகோல் எழும்பியது, நாக்கு பல்லில் மாட்டியது. ‘டக்’. அதற்குமேல் பெல்ட் ஒரு நூல்கூட நகரவில்லை. நிமிர்த்தியதும் உருண்டை கிண்ணத்தின் அடிக்குப் போனது, பெல்ட்டும் விட்டுக்கொடுத்தது. பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. திடீர் பிரேக்கில் நம்மைப் பிடித்து நிறுத்தும் முடிவை எடுப்பது இந்த உருண்டைதான்.

இதற்கு உலக அளவில் ஒரு விதி இருக்கிறது. ஐ.நா.வின் சீட் பெல்ட் விதிமுறை, எண் 16. கார்களில் பரவலாக இருக்கும் வகை ரிட்ராக்டருக்கு அது சொல்வது இது: டப்பா 12 டிகிரி வரை சாய்ந்தாலும் பூட்டக் கூடாது. 27 டிகிரிக்குமேல் சாய்ந்தால் பூட்டியே ஆக வேண்டும். வண்டியின் வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.45 பங்கை எட்டினாலும் பூட்ட வேண்டும்.

சாய்வுக்கு ஓர் எண், பிரேக்குக்கு வேறொரு எண். இரண்டும் ஏன் ஒரே விதியில் வருகின்றன? எந்தக் கோணத்துக்கு ‘டேன்’ மதிப்பு 0.45 என்று கணக்குப் போட்டால் விடை சுமார் 24 டிகிரி. 12-க்கும் 27-க்கும் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது! அந்த அளவுக்குப் பிரேக் அடித்தால் உருண்டை கிண்ணத்தில் எவ்வளவு ஏறுமோ, வண்டியை 24 டிகிரி சாய்த்து நிறுத்தினாலும் அவ்வளவுதான் ஏறும். உருண்டைக்குச் சாய்வும் பிரேக்கும் ஒன்றுதான்.

1907-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியதும் இந்த உண்மைதான். மூடிய பெட்டிக்குள் இருப்பவருக்குத் தன்னை இழுப்பது ஈர்ப்பா முடுக்கமா என்று பிரித்தறிய வழியில்லை என்பது அவர் கண்டது. தன் வாழ்வின் மிக மகிழ்ச்சியான எண்ணம் என்று பின்னாளில் அதைக் குறிப்பிட்டார். பொதுச் சார்பியல் கோட்பாட்டுக்கே வித்து அது. அதே உண்மை நம் நடுத்தூணின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் வேலை செய்கிறது என்று உறைத்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த மகிழ்ச்சிக்குள் பழைய வண்டிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. டப்பாவை 10 டிகிரி முன்பக்கம் கோணலாக மாட்டிவிட்டோம் என்று வையுங்கள். சமதரையில் ஒன்றும் தெரியாது. 10 அடிக்கு 1 அடி இறங்கும் மலைச்சாலையில் கூடுதலாக ஏறக்குறைய 6 டிகிரி சேரும். மொத்தம் 16. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பெல்ட் அடிக்கடி இறுகி நிற்கும், எட்டிப் பார்க்கக்கூட விடாது. ‘இது தொந்தரவு’ என்று கழற்றிப் போட்டுவிடுவோம். பின்பக்கம் கோணலாக இருந்தால் அதைவிட மோசம். பிரேக் அடிக்கையில் உருண்டை கூடுதல் மேடு ஏற வேண்டியிருக்கும், பூட்டு தாமதமாகும். இதில் எரிச்சல் இல்லாததால் யாருக்கும் தெரியவே தெரியாது.

புது வண்டிகளில் ரிட்ராக்டரின் கிண்ணத்தை அந்தந்த வண்டியின் தூண் சாய்வுக்கு ஏற்றாற்போலத் தொழிற்சாலையிலேயே அமைத்துவிடுகிறார்கள். வேறொரு வண்டியில் சாய்ந்த தூணில் இருந்ததை எடுத்து அம்பாசடரில் நேராக நிறுத்தினாலும் அது கோணல்தான். கோணத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதியோடு தனியாக விற்கும் ரிட்ராக்டர்களும் உண்டு. பழைய வண்டிக்கு அவைதான் பொருத்தம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயர்களில் காற்றழுத்தம் பார்த்து, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை ரிட்ராக்டர் தாங்கியின்மேல் முன்பின்னாகவும் குறுக்காகவும் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான் போன கடையில் இருந்த பெரியவர், “சார், சுண்டி இழுத்துப் பாருங்க. நிக்குதா? அவ்வளவுதான், கண்ண மூடிட்டு மாட்டுங்க” என்றார். ஊர் முழுக்க நடக்கும் சோதனை இதுதான். ரிட்ராக்டருக்குள் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. வண்டியின் அசைவை உணர்வது உருண்டை. பெல்ட் உருவப்படும் வேகத்தை உணர்ந்து பூட்டுவது இன்னொரு பொறி. சுண்டி இழுத்தால் இரண்டாவதுதான் வேலை செய்யும். உருண்டை அழுக்கில் ஒட்டிக் கிடந்தாலும் இந்தச் சோதனையில் ரிட்ராக்டர் தேறிவிடும். அதனால், “அண்ணே, மெதுவா இழுத்துக்கிட்டே சாய்ச்சுப் பார்த்துக்கறேன்” என்றேன். பொறுமையாக அவரும் கூடவே நின்று பார்த்தார். மாட்டிய பிறகு ஆளில்லாத மைதானத்தில் குறைந்த வேகத்தில் ஓட்டிச் சட்டென்று பிரேக் அடித்தும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விபத்தில் சிக்கிய வண்டியின் பெல்ட்டை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஒருமுறை ஆளைத் தாங்கிய பட்டை நீண்டு, இழைகள் நைந்திருக்கும். வெளிப்பார்வைக்குத் தெரியாது. சில புதுவகை ரிட்ராக்டர்களில் பெல்ட்டை நொடியில் இறுக்குவதற்காக வெடிமருந்து வைத்திருப்பார்கள். அவற்றைப் பட்டறையில் தட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் முன்சீட்டுக்குப் பெல்ட் பொருத்தி விற்பது 1994-இல்தான் கட்டாயமானது. நம்முடையது 1968-ஆம் ஆண்டு மார்க் 2. சட்டம் அதனிடம் பெல்ட் கேட்கவில்லை, ஆகவே நாம் மாட்டியது சரியா என்று சோதிக்கவும் எவரும் வரப்போவதில்லை. தொழிற்சாலையில் ஒரு பொறியாளர் பார்த்திருக்க வேண்டிய ஒவ்வொரு அளவையும் நாம்தான் பார்த்தாக வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பெல்ட்டை நம்பித்தான் உட்காரப் போகிறார்கள்.

போல்ட்டுக்கு இந்த வாரம் இடமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். பெல்ட் மாட்டும் இடங்கள் தாங்க வேண்டிய சோதனை விசையைச் சொல்வது ஐ.நா.வின் இன்னொரு விதிமுறை, எண் 14. மூன்று முனைப் பெல்ட்டுக்கு அது கேட்பது தோளின் குறுக்கே வரும் பட்டைக்கு 1,350 கிலோ எடைக்குச் சற்றே அதிகமான இழுவிசை, இடுப்புப்பட்டைக்கும் அதே அளவு. அம்பாசடரின் எடையோ சுமார் 1,100 கிலோ. மொத்த வண்டியையும் அந்தத் தோள் பட்டையில் கட்டித் தொங்கவிட்டாலும் தூண் தாங்க வேண்டும் என்று அர்த்தம். நம் நடுத்தூணோ உள்ளே வெற்றிடமான மெல்லிய தகடு, அதிலேயே பின்கதவின் கீல்களும் இருக்கின்றன. வெறும் வாஷர் வைத்து முடுக்கினால் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். உள்ளே எவ்வளவு பெரிய தாங்குதகடு வைப்பது, கீலுக்கு இடையூறு இல்லாமல் அதை எப்படி நுழைப்பது, மெட்ரிக் அளவில் கார் செய்யும் நாடுகள்கூட இந்த ஓர் இடத்தில் 7/16 அங்குல, 20 மரை போல்ட்டையே ஏன் வைத்திருக்கின்றன என்பதையெல்லாம் அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரை தூணில் டிரில் வைக்க வேண்டாம்.

(தொடரும்)