குறைந்தது பக்கவாதமா, வந்து சேர்ந்தவர்களா?

சமயபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2020 ஊரடங்கில் பக்கவாத நோயாளிகள் குறைந்துவிட்டார்கள் என்று படித்தேன். எல்லோரும் வீட்டில் ஓய்வாக இருந்ததாலா?"

மருத்துவமனைக்கு வந்தவர்கள் குறைந்தது உண்மை. 70 நாடுகளில் 457 பக்கவாத சிகிச்சை மையங்களின் கணக்கைத் திரட்டிய ஆய்வின்படி, அந்த ஆண்டு மார்ச் முதல் ஜூன் வரை சேர்ந்தவர்கள், முந்தைய நான்கு மாதங்களைவிட 11.5 சதவீதம் குறைவு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 13.2 சதவீதம் குறைவு. ஓய்வுதான் காரணமென்றால் லேசான பாதிப்பும் கடுமையான பாதிப்பும் ஒன்றுபோலக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் பல நாடுகளிலும் அதிகமாகக் காணாமல் போனவர்கள் லேசான பாதிப்புக்காரர்கள். கை மரத்து, நாக்கு குழறிய பிறகும், "ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும், விடியட்டும்" என்று படுத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

அந்த நாட்களில் தலைப்புச் செய்தியானது வேறு கதை: கொரோனா இளைஞர்களைப் பக்கவாதத்தில் தள்ளுகிறது என்று. அதற்கு மூலம், நியூயார்க்கில் 50 வயதுக்குட்பட்ட ஐந்து நோயாளிகள் பற்றிய ஒரு குறிப்பு. தொற்று ரத்தத்தை உறையத் தூண்டும் என்பது மெய்தான். ஆனால் மேற்சொன்ன ஆய்வில் கொரோனாவுக்காகச் சேர்ந்தவர்களில் பக்கவாதம் கண்டவர்கள் 1.5 சதவீதமே. பயத்தில் வீட்டிலேயே கழிந்த மணிநேரங்கள் எந்தத் தலைப்பிலும் ஏறவில்லை. அந்த மணிநேரங்களில் மூளைக்குள் நடப்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

சமயபுரத்துக்காரர்களுக்குப் பெருவளை வாய்க்கால் தெரியும். அதன் ஒரு கிளையை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். அடைப்பை ஒட்டிய வயல் சீக்கிரமே காய்ந்துவிடும். சற்றுத் தள்ளியிருக்கும் வயலுக்குப் பக்கத்து வாய்க்காலிலிருந்து கசிவு வருகிறது. பயிர் வளராது, கதிர் விடாது, ஆனால் வேர் உயிரோடு இருக்கும். மூளையும் இப்படித்தான். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வர வேண்டும். அது 20-க்குக் கீழே போனால் நரம்பணு சமிக்ஞை அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறது. மிச்சமிருக்கும் ஆற்றலையெல்லாம் உப்பு அயனிகளை வெளியேற்றும் பம்புகளுக்குக் கொடுத்து உயிரைப் பிடித்துக்கொள்கிறது. 10-க்குக் கீழே போனால் அந்தப் பம்புகளும் நின்று அணு வீங்கிச் சாகிறது. அதாவது கை அசையாமல் கிடக்கிறதே, அதை ஆட்டிவைக்கும் அணுக்களில் பெரும்பங்கு அப்போது சாகவில்லை, வாடி நிற்கின்றன. எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் மலைப்பு.

ஒப்புமையை இன்னும் நீட்டலாம். அடைப்புக்குப் பின் ரத்த அழுத்தம் ஏறுவது, பக்கத்து வாய்க்காலில் நீர்மட்டம் உயர்வதைப் போன்றது. கசிவு வருவதே அதனால்தான். பதறிப்போய் வீட்டில் பிபி மாத்திரையை நாக்கடியில் வைப்பது, முக்கொம்பில் கொள்ளிடத்து ஷட்டரைத் திறந்துவிட்டுக் காவிரிப் பாசனத்துக்குத் தண்ணீர் போதவில்லை என்பதற்குச் சமம். எவ்வளவு குறைக்கலாம் என்பதை மருத்துவமனையில் அளந்து முடிவு செய்வார்கள். தாமதமாக அடைப்பெடுத்தால் வேறொரு ஆபத்து: வெடித்துப்போன வரப்பில் திடீரென நீர் பாய்ந்தால் உடைப்பெடுக்கும். நைந்த நாளங்களும் அப்படியே உடைந்து மூளைக்குள் ரத்தம் கசியும். கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேர எல்லை வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வாடிய பகுதியை அளவுகளோடு 1981-இல் விளக்கியவர்கள் ஆஸ்ட்ரப்பும் அவருடைய சகாக்களும். ஊசி மூன்று மணி நேரத்துக்குள் பயன்படும் என்று அமெரிக்காவில் 1995-இல் நிறுவினார்கள். 2008-இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரையாக நீட்டியது. வரலாறு இவ்வளவு போதும்.

சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் கணக்கிட்டார் ஜெஃப்ரி சேவர். ஆளுக்கு ஆள் இது மாறும். மூளை ரத்தநாளங்களில் பக்கக் கிளைகள் நன்றாக உள்ளவர் அதிக நேரம் தாங்குவார். ஆனால் யாருக்கு எப்படி என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. விரல் நுனிகளில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்ற வாட்ஸ்அப் செய்தியோ வெறும் பொய். நிமிடங்களைத் தின்பதுதான் அதன் பலன்.

சமயபுரத்துச் சித்திரைத் தேர் ஓடாத அந்த ஆண்டில், மருத்துவமனை வாசலை எட்டியவர்களுக்கும் நேரம் கரைந்தது. ஊழியர்கள் பாதுகாப்பு உடை அணிய வேண்டும். காய்ச்சல் விசாரணை, மூக்கில் ஸ்வாப். அடைப்பா கசிவா என்று சி.டி. ஸ்கேன் பார்க்காமல் ஊசி போட முடியாது. நுரையீரல் பார்க்கவும் அதே இயந்திரத்துக்கு வரிசை, ஒவ்வொருவருக்கும் பிறகு அறையைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். கோணிய வாயை முகக்கவசம் மறைத்துவிடும்.

பேச்சு போன நோயாளி உள்ளே போக, உடன் வந்த மகன் கேட்டிலேயே நிறுத்தப்பட்டால், "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை. நாலரை மணி நேரத்தை எண்ணத் தொடங்குவதே அந்தப் பதிலிலிருந்துதான். அடுத்த தொற்றுக்கு மருத்துவமனைகள் விதிமுறை எழுதும்போது, பக்கவாத நோயாளியோடு ஒருவரைக் கவச உடையிலாவது உள்ளே விடட்டும். அதற்கும் வழியில்லையென்றால் ஸ்கேன் அறை மருத்துவர் உடன் வந்தவரைக் கூப்பிடக் கைபேசி எண்ணையாவது வாசலில் வாங்கி வைக்கட்டும்.